ஒழுகும் இடம் வேறு, உடைந்த இடம் வேறு



ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நம் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சி தவறாமல் நிகழும். நள்ளிரவில் யாரோ ஒருவர் முகத்தில் ஒரு சொட்டு விழும். பாய்கள் சுருட்டப்படும். அடுக்களையில் இருந்த குண்டானும் வாளியும் நடுவீட்டிற்கு வந்து சேரும். சொட்டு விழும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஈரமில்லாத மூலையில் ஒண்டிக்கொண்டு உறங்கிவிடுவோம். மறுநாள் வெயில் அடித்ததும் பாத்திரம் அடுக்களைக்குத் திரும்பிவிடும். ஒழுக்கும் நம் நினைவைவிட்டு நீங்கிவிடும்.

விவிலியத்தில் சபை உரையாளர் நூல், வீடு ஒழுகுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்கிறது. ஞானியின் சொல்லை நான் மறுக்கவில்லை. ஆயினும் நான் பங்குகளில் கண்ட ஒழுக்குகளுள் பெரும்பாலானவை சோம்பலால் வந்தவை அல்ல. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டதால் சில வளர்ந்தன. இன்னும் சிலவற்றுக்குச் செலவு செய்தும் பயனில்லாமல் போயிற்று. ஏனெனில் சொட்டு விழுந்த இடத்தையே உடைந்த இடம் என்று எண்ணி, அங்கேயே பணத்தைக் கொட்டினார்கள். இத்திங்கள் இதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், தந்தை விட்டுச்சென்ற மாடி வீட்டில் அண்ணன் மேலும் தம்பி கீழுமாகக் குடியிருந்தனர். ஒரு மழைக்காலத்தில் தம்பியின் படுக்கையறை மூலையில் நீர் கசிந்தது. அந்த மூலைக்கு நேர் மேலே அண்ணன் வீட்டுக் குளியலறை இருந்தது. “உங்கள் குளியலறை ஒழுகுகிறது” என்றார் தம்பி. அண்ணன் கடன் வாங்கித் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். அடுத்த மழைக்காலத்தில் அதே மூலை மீண்டும் கசிந்தது. “வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டார்” என்று தம்பியும், “வேண்டுமென்றே என்மேல் பழி போடுகிறான்” என்று அண்ணனும் பேசத் தொடங்கினர். அண்ணன் மகளின் புதுநன்மை விருந்துக்குக் கீழ்வீட்டிலிருந்து ஒருவரும் மேலே ஏறவில்லை. பன்னிரண்டு படிகள்தாம் இடையில் இருந்தன. அந்த ஒழுக்கு உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில், ஒழுகும் இரவில் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

அன்று இரவு செய்ய வேண்டியவை

முதலாவது, மின்சாரம். மின்விசிறி, விளக்கு, சுவிட்சுப் பெட்டி ஆகியவற்றின் அருகே நீர் சொட்டினாலோ, அவை பொருத்தப்பட்ட சுவர் நனைந்திருந்தாலோ, உலர்ந்த கையோடு உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அப்பால் அழைத்துக்கொண்டு மின்பணியாளரை வரவழையுங்கள். மற்ற சேதங்களைப் பின்னர்ச் சரிசெய்யலாம். போன உயிரைத் திருப்ப இயலாது.

இரண்டாவது, படுக்கை. மேல்தளத்தின் பூச்சு உப்பியிருந்தாலோ, துண்டு துண்டாய்ப் பெயரத் தொடங்கியிருந்தாலோ, அதன் கீழே ஒருவரும் படுக்கக்கூடாது. தொட்டிலும் முதியோரின் கட்டிலும் முதலில் நகரட்டும். புதிய வீடுகளில் அழகுக்காக அமைக்கும் ஃபால்ஸ் சீலிங்கில் நீர் தேங்கிப் பை போலத் தொங்கினால், மின்சாரத்தை அணைத்தபின், கீழே வாளியை வைத்து, பக்கவாட்டில் நின்று சிறு துளையிட்டு நீரை இறக்கிவிடுங்கள். இல்லையேல் பாரம் தாங்காமல் முழுப் பலகையும் விழும்.

மூன்றாவது, பொருள்கள். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், அரிசி மூட்டை ஆகியவற்றை உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சொட்டும் இடத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு அதன் நுனியை வாளிக்குள் இருத்தினால், நீர் தெறிக்காமல் ஓசையின்றி இறங்கும். உறக்கமாவது கெடாது.

நான்காவது, மழையிலும் இருளிலும் கூரைமேல் ஏறாதீர்கள். பாசி பிடித்த தளமும் நனைந்த ஓடும் எவரையும் வழுக்கச் செய்யும். அன்றிரவு மேலே செய்யக்கூடியது மிகச் சிறிது. அதற்காகக் காலை முறித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது, ஒரு பென்சிலை எடுத்து ஈரக்கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, நாளையும் நேரத்தையும் அருகே எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். பலரும் செய்யாதது இதுவே. எனினும் பின்னர்க் கொத்தனாருக்கு இதைவிடப் பயன்படும் தகவல் வேறில்லை.

நீர் வந்த வழியைத் தேடுதல்

நீருக்கு ஓர் இயல்பு உண்டு. அது நுழைந்த இடத்திலேயே சொட்ட வேண்டும் என்பதில்லை. கான்கிரீட்டுத் தளத்தின் மேலுள்ள செங்கல்ஜல்லிச் சுண்ணாம்பு அடுக்கில் ஊறி, தளத்தின்மேல் பள்ளம் நோக்கி ஊர்ந்து, எங்கே வெடிப்பு அகப்படுகிறதோ அங்கே இறங்கும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டின்வழி நுழைந்த நீர், சட்டத்தின் ஓரமாகவே ஓடி நான்கடி தள்ளி விழும். ஆதலால், எங்கே விழுகிறது என்பதோடு, எப்போது விழுகிறது என்பதையும் கவனியுங்கள்.

மழை பெய்யத் தொடங்கியதும் ஒழுகி, நின்றதும் நின்றுவிட்டால், நீர் நேர்வழியில் வருகிறது. வெடிப்பு, உடைந்த ஓடு, மழைநீர்க் குழாய் ஆகியவற்றை ஐயுறுக. மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் கசிந்தால், தளத்தின்மேல் நீர் தேங்கி ஊறியிருக்கிறது. வாட்டம் சரியில்லை அல்லது தூம்புவாய் அடைத்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டினால், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ மேல்வீட்டுக் குளியலறையோதான் காரணம். இரவில் தொட்டிக்கு நீர் வரும் குழாயையும் அதிலிருந்து நீர் போகும் குழாயையும் அடைத்துவிட்டு நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியே குற்றவாளி. சுவரின் மேற்பகுதி மட்டும் நனைந்தால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதி நனைந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஈரம். கூரையைக் குறை கூற வேண்டாம்.

வெயில் நாளில் மேலே ஏறிப் பார்க்கும்போது, முதலில் தூம்புவாய்களைக் காணுங்கள். 600 சதுர அடி தளத்தின்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 5,600 லிட்டர் நீர் வந்து சேருகிறது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். அதே அளவு தளத்தின்மேல் அது ஏறத்தாழ 53,000 லிட்டராகும். இத்தனை நீரும் கைம்முட்டியளவு துளைகள் ஒன்றிரண்டின் வழியே வெளியேற வேண்டும். அந்தத் துளையை ஒரு வேப்பஞ்சருகுக் குவியலும் பிள்ளைகள் எறிந்த ஒரு பந்தும் அடைத்துவிட்டால், மொட்டைமாடி குளமாகிவிடாதா?

இன்ன இடம் என்று ஐயுற்றபின் நீரூற்றிச் சோதியுங்கள். தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக நனைத்து, ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். மாடி முழுவதும் இரண்டு அங்குலம் நீரைத் தேக்கிச் சோதிப்பாரும் உண்டு. 600 சதுர அடியில் அந்த நீரின் எடை ஏறத்தாழ 2,800 கிலோ. பழைய தளத்திலும் நலிந்த தளத்திலும் அவ்வாறு செய்வது ஆபத்தாகும்.

சகோதரர் இருவரின் வீட்டுக்கு வருகிறேன். வழக்கு என்னிடம் வந்தபோது, எனக்குக் கட்டட வேலை தெரியாதாகையால், கோவில் வேலை பார்த்த முதிய கொத்தனார் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவர் மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, பங்குனி, சித்திரையில் இது ஒழுகுமா?” “இல்லை, மழை பெய்தால் மட்டும்தான்” என்றார் தம்பி. கொத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சாமி, குளியலறையில் மனிதர் தினமும் குளிக்கிறார்கள். அங்கேயிருந்து வருவதென்றால் சித்திரையிலும் வர வேண்டுமே!”

அவர் மாடிக்கு ஏறித் தூம்புவாயில் இரண்டு வாளி நீரை ஊற்றினார். சிறிது நேரத்தில் கீழே மூலை கசியத் தொடங்கிற்று. மழைநீர்க் குழாய் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தது. தூம்புவாயில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்று ஒன்று குழாயின் இணைப்பைப் பிளந்து வேரை உள்ளே இறக்கியிருந்தது. கன்றை வேரோடு அகற்றி, பழைய குழாயை அடைத்து, சுவருக்கு வெளியே புதுக்குழாய் இறக்குவதற்கு ஆன செலவு, குளியலறைக்கு ஆனதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் செலவை இருவரும் பாதி பாதியாக ஏற்றனர். தம்பி அன்று ஒன்றும் பேசவில்லை. குளியலறைக்காக அண்ணன் பட்ட கடனில் ஒரு பங்கைத் தம்பி பின்னர்த் தாமாகவே கொடுத்தார் என்று அறிந்தேன்.

கூரைக்கு ஏற்ற மருத்துவம்

எல்லாக் கூரைக்கும் ஒரே மருந்து இல்லை.

ஓட்டு வீடாயின், உடைந்ததும் நழுவியதுமான ஓடுகளை மாற்ற வேண்டும். சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓட்டின் விளிம்பில் ஒன்றையொன்று கவ்வும் பள்ளங்கள் உண்டு. அவற்றில் தூசியும் சருகும் அடைந்தால் நீர் உட்பக்கம் திரும்பிவிடும், பெருக்கினாலே போதும். முகட்டு ஓட்டின் கலவை வெடித்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். நாட்டு ஓட்டுக் கூரையை மழைக்கு முன் பிரித்து மேய்வது நம் முன்னோர் வழக்கம். ஓட்டைத் தூக்கும்போதே ரீப்பரும் சட்டமும் இற்றிருக்கின்றனவா, கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளமாயின், அதைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பழுதுபார்ப்பது நன்று. சிமென்டு இறுகி நிற்கும். பழைய சுண்ணாம்போ சற்று அசைந்து கொடுக்கும். இரண்டும் ஒட்டாமல் ஓரத்தில் பிளவு காணும். உள்ளே புகுந்த ஈரமும் எளிதில் வெளியேறாது. கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கும் பக்குவம் அறிந்த கைகள் இன்று குறைவு, தேடினால் கிடைக்கும். இத்தகைய வீட்டில் சட்டத்தின் முனை சுவருக்குள் புகும் இடமே முதலில் உளுக்கும். அங்கே தட்டிப் பாருங்கள்.

கான்கிரீட்டுத் தளமாயின், முதலில் வாட்டம். பத்தடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் தூம்புவாய் நோக்கிச் சரிவு வேண்டும். வெடிப்பின் வாயைச் சற்று விரித்து வெட்டி, தூசி நீக்கி, அதற்கென்று விற்கும் நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்டுப் பால் நில்லாது. பகல் வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்குவதால், இறுகிய பூச்சு மீண்டும் வெடிக்கும். கைப்பிடிச் சுவர் மூலையில் சாய்வாகக் கலவை வைத்து மழுக்கிப் பூசி, நீர்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றுங்கள். எந்தப் பூச்சாயினும் சுத்தமான தளத்தின்மேல், பொதியில் குறிப்பிட்டவாறு பூச வேண்டும். உலர்ந்த தளம் வேண்டும் என்று எழுதியிருந்தால் மழையிடைவெளியில் அவசரமாகப் பூசிய பூச்சு தோலாக உரிந்துவிடும். தட்டோடு பதித்த தளத்தில் ஓட்டு இணைப்புகளின் கலவை பெயர்ந்திருந்தால் அதையும் நிரப்புங்கள்.

கல்நார்த் தகட்டுக் கூரையாயின், அதன்மேல் மிதிக்காதீர்கள், முன்னறிவிப்பின்றி உடையும். துளையிடுவதும் அறுப்பதும் சுரண்டுவதும் கூடா. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பது உறுதிப்பட்ட உண்மை. தகரக் கூரையில் பெரும்பாலும் ஆணித்துளையின் வாஷரே கெட்டிருக்கும். அதை மாற்றினால் ஒழுக்கு நிற்கும்.

செய்யக்கூடாதவை

கீழேயிருந்து பூசி மறைப்பது முதல் தவறு. கறை மறையும், நீர் மறையாது. மேலே அடைக்காமல் கீழே அடைத்தால் நீர் தளத்துக்குள்ளேயே நிற்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சுமார் 20 மில்லிமீட்டர் கனமுள்ள கலவையே காக்கிறது. ஈரமும் காற்றும் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பூச்சு பெயர்ந்து துருக்கம்பி கண்ணுக்குத் தெரிகிறதென்றால், ஒழுக்கு என்னும் நிலையை அது கடந்துவிட்டது. அந்த அறையைக் காலி செய்துவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். உறங்குகிற பிள்ளையின்மேல் காரை விழுந்தபின் வருந்திப் பயனில்லை.

ஆண்டுக்கு ஓர் அடுக்காகச் சிமென்டுக் கலவையை ஏற்றுவது இரண்டாம் தவறு. 600 சதுர அடியில் இரண்டு அங்குலக் கலவையின் எடை ஏறத்தாழ 6 டன். நலிந்த தளத்தின் தலையில் இதைச் சுமத்துவது மருத்துவம் ஆகுமா? பழையதைப் பெயர்த்தபின்னரே புதியதைப் போட வேண்டும்.

செடியை வெட்டிவிட்டு வேரை விடுவது மூன்றாம் தவறு. அரசும் ஆலும் வெட்டினால் தழைக்கும். வேரை முழுதும் எடுத்துப் பிளவை அடைக்க வேண்டும்.

பணமும் பொறுப்பும்

வேலைக்குமுன் இருவரிடமாவது கருத்துக் கேளுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் மாடி முழுவதும் பூச வேண்டும் என்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் தராதீர்கள். எத்தனை சதுர அடி, என்ன பொருள், எத்தனை பூச்சு, இடிபாட்டை அகற்றுவது யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கூலியைத் தவணையாகத் தந்து, கடைசித் தவணையை நீரூற்றிச் சோதித்தபின் தாருங்கள். உழைத்தவனின் கூலியைப் பிடித்துவைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சோதனை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

பொதுவில் உள்ள மாடி பொதுவான பொறுப்பு. ஒழுகுவது கீழ்வீட்டில் என்பதனால் செலவு கீழ்வீட்டாருடையது என்பதும், மேலே குடியிருப்பவர் என்பதனால் குற்றம் அவருடையது என்பதும் நியாயம் ஆகா. காரணம் தெரியும்வரை ஒருவரையும் குற்றம் சாட்டாதிருப்பது நன்று. உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவள் எவளேனும் இருந்தால், கொத்தனார் உங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அவள் வீட்டுத் தூம்புவாயையும் ஒருமுறை பார்த்துவரச் சொல்லுங்கள். அவளால் மாடி ஏற இயலாது, கேட்கவும் கூசுவாள்.

இறுதியாகக் காலம். தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது கொத்தனாரும் கிடைக்கமாட்டார்; தளமும் காயாது. பெரிய வேலைகளைப் பங்குனி முதல் வைகாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தார்க்கும் மலைப்பகுதியார்க்கும் ஜூன் மாதத்திலேயே மழை தொடங்குவதால் இன்னும் முன்னதாகவே முடிக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை அரைமணி நேரம் ஒதுக்கி, மாடியைப் பெருக்கி, தூம்புவாயில் கைவிட்டுச் சருகை எடுத்து, ஒரு வாளி நீரை ஊற்றி அது தடையின்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். மகன் மேலே ஊற்றட்டும். தந்தை கீழே நின்று பார்க்கட்டும். இதற்கு ஒரு காசும் ஆகாது.

பென்சிலால் கோடு வரைய மறவாதீர்கள். அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
பங்குத் தந்தை